ஒன்று எங்கே போச்சு? பார்த்திவபுரம் செப்பேட்டில் ஒரு தேதிக் கணக்கு

முதலில் ஒரு கணக்கு. கி.மு. 3102 பிப்ரவரி 18-ஆம் தேதியை பூஜ்யம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதிலிருந்து 14,49,087 நாட்கள் கழித்து வரும் தேதி என்ன? கிழமை என்ன?

பேங்க் எக்ஸாமில் கேட்டால் பாதிப் பேர் ஸ்கிப் பண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் இதைப் போட கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஆறாம் வகுப்புக் கணக்குதான். இதன் விடையில்தான் கன்னியாகுமரி மாவட்ட வரலாற்றின் ஒரு முக்கியமான தேதி இருக்கிறது. அதோடு, தேதிக் கணக்கு போடுகிறவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்ப விழும் ஒரு பள்ளமும் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் பெயர் ‘ஒன்று’. எப்படி என்று போகப் போகத் தெரியும்.

கேள்வி எங்கிருந்து வந்தது?

குமரி மாவட்டத்தில் புதுக்கடை, முஞ்சிறை பக்கம் பார்த்திவபுரம் என்று ஒரு ஊர். பழைய பெயர் பார்த்திவசேகரபுரம். அங்கே இன்றும் ஒரு விஷ்ணு கோவில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியை ஆண்ட ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறை சபையாரிடமிருந்து நிலத்தை வாங்கிக்கொண்டு, அதற்கு ஈடாக வேறு நிலம் கொடுத்து, இந்தக் கோவிலைக் கட்டினான். கோவிலோடு ஒரு ‘சாலை’யும் வைத்தான். சாலை என்றால் ரோடு அல்ல, மாணவர்கள் தங்கிச் சாப்பிட்டுப் படிக்கும் இடம். இன்றைய பாஷையில் ஹாஸ்டலோடு கூடிய கல்லூரி. காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாக வைத்து இது அமைக்கப்பட்டது.

இந்த விவரம் எல்லாம் ஒரு செப்பேட்டில் இருக்கிறது. திருவனந்தபுரம் ஹஜூர் கச்சேரியில் இருந்ததால் இதற்கு ஹஜூர் ஆபீஸ் செப்பேடு என்று பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் தொல்லியல் துறையில் இருந்த து.அ. கோபிநாத ராவ் இதைப் படித்து, ‘திருவிதாங்கூர் ஆர்க்கியலாஜிகல் சீரீஸ்’ முதல் தொகுதியில் வெளியிட்டார். தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும் இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகளை ஆராய்ந்தவர்; காந்தளூர்ச் சாலை பற்றி எழுதியவர்.

செப்பேட்டில் ஒரு சின்னக் கூட்டல் கணக்கும் இருக்கிறது. சாலையில் மொத்தம் 95 மாணவர்கள். மூன்று வேதப் பிரிவுகளுக்கு 45, 36, 14 என்று இடம் பிரித்திருக்கிறார்கள். 45 + 36 + 14 = 95. சரியாக வருகிறது. பதினோரு நூற்றாண்டுக்கு முன்னால் போட்ட சீட் ஒதுக்கீடு இன்றும் டேலி ஆகிறது!

ஆனால் வரலாற்று ஆசிரியர்களுக்கு இந்தச் செப்பேடு பொக்கிஷமாக இருப்பதற்குக் காரணம் வேறு. அந்தக் காலத்துப் பல ஆவணங்கள் ‘இந்த அரசனின் இத்தனையாவது ஆண்டு’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். இது அப்படி நிற்கவில்லை. கலியுகம் தொடங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணைச் சொல்கிறது. 14 லட்சத்து 49 ஆயிரத்து 87.

கலி நாள் என்றால் என்ன?

கலி நாள் என்பது வானியல் கணக்கர்கள் வைத்துக்கொண்ட ஓப்பனிங் பேலன்ஸ். வருஷம், மாதம், திதி எல்லாம் ஊருக்கு ஊர் மாறும். நாள் மாறாது. சூரியன் உதித்தால் ஒரு நாள். அதனால் ஒரு தொடக்க நாளை முடிவு செய்துகொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டே வந்தால் குழப்பம் இல்லை. அந்தத் தொடக்க நாள் கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கி.மு. 3102-ல் யாரோ ஒருவர் உட்கார்ந்து ‘இன்று முதல் நாள்’ என்று எழுதி வைத்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. பிற்காலத்து வானியலாளர்கள் கிரகங்களின் ஓட்டத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு எடுத்த பூஜ்யம் அது. ‘ஐயாயிரம் வருஷமாகத் தேதி எண்ணுகிறோம்’ என்று மார்தட்டும் மெயில்கள் வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எண்ணத் தொடங்கிய காலம் வேறு, எண்ணிக்கை தொடங்கும் இடம் வேறு.

இந்தக் கலிக் கணக்கில் உள்ள மிகப் பிரபலமான வரி ஆரியபட்டருடையது. கலியில் 3600 ஆண்டுகள் முடிந்தபோது தனக்கு வயது 23 என்கிறார். பள்ளிக்கூடத்து வயதுக் கணக்கு மாதிரியே இருக்கிறது, இல்லையா? போட்டுப் பார்க்கலாம்.

கி.மு. 3102-லிருந்து 3600 ஆண்டு முன்னே வர வேண்டும். 3600 − 3102 = 498. ஆனால் புத்தகத்தில் 499 என்று இருக்கிறது. ஒன்று எங்கே போச்சு?

கி.மு. 1-க்கு அடுத்த ஆண்டு கி.பி. 1. நடுவில் பூஜ்யம் ஆண்டு கிடையாது. எண் கோட்டில் −1, 0, +1 என்று போகும். காலண்டர் மட்டும் 0-வைத் தாண்டிக் குதிக்கும். அதனால் கி.மு.விலிருந்து கி.பி.க்கு வரும்போது ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 3600 − 3102 + 1 = 499. இனி வயது:

x + 23 = 499
x = 499 − 23 = 476

ஆரியபட்டர் பிறந்தது கி.பி. 476. ஒரே ஒரு சமன்பாடு, முடிந்தது கதை.

இப்போது நம் ஊர்க் கணக்கு

14,49,087 நாளை ஆண்டுகளாக மாற்ற வேண்டும். பழைய ஜூலியன் காலண்டரில் நான்கு வருஷத்துக்கு ஒரு லீப் வருஷம், விதிவிலக்கே கிடையாது. அதனால் நான்கு வருஷத்தை ஒரு கட்டாக எடுத்துக்கொள்வது சுலபம்.

படி 1: ஒரு கட்டில் எத்தனை நாள்?
365 × 4 = 1460. லீப் நாள் 1. மொத்தம் 1461.

படி 2: எத்தனை கட்டு?
14,49,087 ÷ 1461. ஈவு 991. மீதி 1236.
(சரிபார்க்க: 1461 × 991 = 14,47,851. அதோடு 1236 கூட்டினால் 14,49,087.)

படி 3: 991 கட்டு என்றால் எத்தனை வருஷம்?
991 × 4 = 3964 வருஷம்.

படி 4: எந்த ஆண்டுக்கு வந்து நிற்கிறோம்?
3964 − 3102 + 1 = 863. அந்த ‘ஒன்று’ மறுபடியும் வந்துவிட்டது பாருங்கள். ஆக, கி.பி. 863 பிப்ரவரி 18.

படி 5: மீதி 1236 நாளை முன்னே நகர்த்த வேண்டும்.
863 பிப்ரவரி 18 முதல் 864 பிப்ரவரி 18 வரை 365 நாள்.
அங்கிருந்து 865 பிப்ரவரி 18 வரை 366 நாள். 864 லீப் வருஷம் என்பதால் பிப்ரவரி 29 இடையில் வருகிறது.
அங்கிருந்து 866 பிப்ரவரி 18 வரை 365 நாள்.
மொத்தம் 1096. மீதி 1236 − 1096 = 140 நாள்.

படி 6: 866 பிப்ரவரி 18-லிருந்து 140 நாள்.
பிப்ரவரி முடிய 10. மார்ச் 31 சேர்த்தால் 41. ஏப்ரல் 30 சேர்த்தால் 71. மே 31 சேர்த்தால் 102. ஜூன் 30 சேர்த்தால் 132. இன்னும் 8 வேண்டும்.

விடை: கி.பி. 866 ஜூலை 8.

படி 7: கிழமை.
14,49,087-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 3. தொடக்க நாள் வெள்ளி. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். மீதி 3 என்றால் திங்கட்கிழமை.

ஏழு படி. எந்தப் படியிலும் ‘பெரியவர்கள் சொன்னார்கள்’ என்று எதையும் நம்ப வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் மறுபடி வகுத்துப் பார்க்கலாம். அதுதான் இந்தச் செப்பேட்டின் பெருமை. கருநந்தடக்கன் யார் என்றே தெரியாத ஒருவர்கூட, அவன் செப்பேட்டின் தேதியைச் சரிபார்த்துவிடலாம்.

எட்டா, ஏழா?

இங்கே ஒரு கேள்வி வரும். தொடக்க நாளை பூஜ்யம் என்று எடுத்ததால் ஜூலை 8 வந்தது. அதையே ‘முதல் நாள்’ என்று எண்ணியிருந்தால்? விடை ஒரு நாள் முன்னே போய் ஜூலை 7 ஆகிவிடும்.

இதைத் தென்னந்தோப்பில் வைத்துப் பார்த்தால் புரியும். ஒரே வரிசையில் பத்துத் தென்னை நிற்கிறது. நடுவில் எத்தனை இடைவெளி? பத்து இல்லை, ஒன்பது. மரத்தை எண்ணினால் ஒரு விடை, இடைவெளியை எண்ணினால் வேறு விடை. தேதிகள் மரங்கள் என்றால் கழிந்த நாட்கள் இடைவெளிகள்.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புதிதல்ல. பில்ஸ் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் பாடத்தில் டியூ டேட் கண்டுபிடிக்கும்போது பில் எழுதிய நாளை விட்டுவிட்டு எண்ணச் சொல்வார்கள். பிறகு மூன்று நாள் கிரேஸ். 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. சட்டம் போட்டு ‘முதல் நாளை எண்ணாதே’ என்று சொல்ல வேண்டிய அளவுக்கு மனிதர்கள் இந்த ஒரு நாளுக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

வானியல் கணக்கில் கலி நாளைக் ‘கழிந்த நாள்’ என்று எடுப்பது வழக்கம். அதாவது இடைவெளியை எண்ணுவது. அதனால் ஜூலை 8, திங்கள். எந்த வழியில் போனாலும் ஆண்டு 866 என்பதில் மாற்றம் இல்லை.

அரசன் பட்டத்துக்கு வந்த ஆண்டு = x

கலிக் கணக்கோ சக ஆண்டோ இல்லாமல், வெறும் ஆட்சி ஆண்டு மட்டும் உள்ள கல்வெட்டு என்றால் என்ன செய்வது? அது இரண்டு தெரியாத எண் உள்ள ஒற்றைச் சமன்பாடு. கல்வெட்டின் ஆண்டும் தெரியாது, அரசன் பட்டத்துக்கு வந்த ஆண்டும் தெரியாது. ஒரு சமன்பாட்டை வைத்துக்கொண்டு இரண்டையும் கண்டுபிடிக்க முடியாது என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம். இரண்டாவது சமன்பாடு எங்கிருந்தாவது வர வேண்டும்.

பாண்டியர் வரலாற்றில் அப்படி வந்த இரண்டு உதவிகள் உண்டு.

ஒன்று, மதுரைக்குப் பக்கத்தில் ஆனைமலை. அங்குள்ள நரசிம்மர் குடைவரைக் கல்வெட்டு கலி 3871 என்கிறது. 3871 − 3102 + 1 = 770. நெடுஞ்சடையன் காலத்துக்கு இது ஒரு ஆணி அடித்த மாதிரி ஆயிற்று.

இன்னொன்று, பழனிப் பக்கம் ஐவர்மலை. சமணத் தலம். அங்குள்ள கல்வெட்டில் இரண்டாம் வரகுண பாண்டியனின் 8-ஆம் ஆட்சி ஆண்டும் சக ஆண்டு 792-ம் சேர்ந்தே இருக்கின்றன. சக ஆண்டோடு 78 கூட்டினால் கி.பி. வரும். 792 + 78 = 870. இனி x கண்டுபிடிக்க வேண்டும்.

அவசரமாகப் போட்டால் x + 8 = 870, x = 862. கொஞ்சம் யோசித்தால், பட்டத்துக்கு வந்த ஆண்டே முதல் ஆண்டு, ஆகவே எட்டாம் ஆண்டு என்பது x + 7. அப்படியானால் x = 863. மறுபடியும் அதே ஒன்று!

எது சரி? சக 792 என்பது கி.பி. 870 மார்ச் முதல் 871 மார்ச் வரை. ஆட்சி ஆண்டும் ஜனவரியில் தொடங்காது. கல்வெட்டு வெட்டிய நாளில் வரகுணன் ஏழு ஆண்டு முடித்திருக்கிறான், எட்டு இன்னும் முடிக்கவில்லை. அதனால் அவன் பட்டத்துக்கு வந்தது 862 மார்ச்சுக்கும் 864 மார்ச்சுக்கும் இடையில் எங்கோ. விடை ஒரு புள்ளி இல்லை, ஒரு இடைவெளி. புத்தகங்களில் 862 என்று இருக்கும். அதை ‘ஏறக்குறைய 862’ என்று படிக்கத் தெரிந்தால் போதும். கணக்கு தரும் துல்லியத்துக்கு மேல் ஒரு எழுத்துகூட அதிகமாகச் சொல்லக்கூடாது.

பார்த்திவபுரம் செப்பேடு நாளையே சொல்லிவிட்டதால் அதற்கு இந்தத் தொல்லை கிடையாது.

824-ஆ, 825-ஆ?

இதே சிக்கல் குமரி மாவட்டத்து வீடுகளுக்குள்ளும் உண்டு. பழைய பத்திரம், ஜாதகம் எதை எடுத்தாலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். திருவிதாங்கூர் ராஜ்யமாக இருந்த ஊராயிற்றே. கொல்லம் ஆண்டு கி.பி. 825-ல் தொடங்குகிறது. தெற்குப் பகுதிகளில் ஆவணி முதல் தேதி புத்தாண்டு.

கொல்லம் ஆண்டைக் கி.பி.யாக மாற்ற என்ன கூட்ட வேண்டும்? சிலர் 824 என்பார்கள், சிலர் 825 என்பார்கள். இரண்டு பேரும் சொல்வது சரி, பாதி வருஷத்துக்கு மட்டும்.

ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய: கொல்லம் ஆண்டு + 824.
ஜனவரியிலிருந்து ஆடி முடிய: கொல்லம் ஆண்டு + 825.

காரணம் எளிது. கொல்லம் ஆண்டு நடந்துகொண்டிருக்கும்போதே நடுவில் ஜனவரி 1 வந்து ஆங்கில ஆண்டு ஒன்று ஏறிவிடுகிறது.

உதாரணம் குளச்சல் போர். மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்தது 1741 ஆகஸ்ட் 10. அப்போது ஆடி மாதத்தின் கடைசி நாட்கள். அதனால் 1741 − 825 = கொல்லம் 916. ஒரு சில நாள் தள்ளி ஆவணியில் நடந்திருந்தால் 1741 − 824 = 917 ஆகியிருக்கும். வெற்றி அதே வெற்றிதான், ஆண்டு மட்டும் ஒன்று மாறியிருக்கும். போதாக்குறைக்கு, இங்கிலீஷ்காரர்கள் அப்போது பழைய ஜூலியன் காலண்டரை வைத்திருந்ததால் அவர்கள் கணக்கில் அதே நாள் ஜூலை 31. ஒரே போர், மூன்று தேதி. மூன்றும் சரி.

இன்னொரு உதாரணம். கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1. ஐப்பசி மாதம், ஆகவே 824. 1956 − 824 = கொல்லம் 1132.

அந்த நாளின் கலி எண் என்ன? பார்த்திவபுரம் செப்பேட்டிலிருந்தே போய்விடலாம். 1582-ல் கிரிகோரியன் காலண்டர் வந்ததால், 1956-ல் இரண்டு காலண்டருக்கும் 13 நாள் வித்தியாசம். நவம்பர் 1-லிருந்து 13 கழித்தால் ஜூலியன் அக்டோபர் 19. இனி:

866 ஜூலை 8 முதல் 1956 ஜூலை 8 வரை 1090 வருஷம். 1090 × 365 = 3,97,850.
இடையில் வந்த பிப்ரவரி 29-கள் (868 முதல் 1956 வரை): (1956 − 868) ÷ 4 = 272. அதோடு 1 கூட்ட 273. (தென்னை மரக் கணக்கு!)
ஜூலை 8 முதல் அக்டோபர் 19 வரை 23 + 31 + 30 + 19 = 103.
மொத்தம் 3,97,850 + 273 + 103 = 3,98,226.

14,49,087 + 3,98,226 = 18,47,313. இதை 7-ஆல் வகுத்தால் மீதி 6. வெள்ளியிலிருந்து ஆறு நாள் தள்ளினால் வியாழன். 1956 நவம்பர் 1 வியாழக்கிழமைதான். பழைய காலண்டர் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம்.

சோழியை வைத்து கிரகணம்

இவ்வளவு பெரிய எண்களை அந்தக் காலத்தில் எப்படி வகுத்தார்கள்? இதற்கு ஒரு அருமையான சாட்சி இருக்கிறது. ஜான் வாரன் என்பவர் 1825-ல் சென்னையில் ‘கால சங்கலிதா’ என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். புதுச்சேரியில் அவர் சந்தித்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அந்தப் பஞ்சாங்கக்காரர் காகிதமும் எடுக்கவில்லை, பேனாவும் எடுக்கவில்லை. தரையில் சோழிகளை அடுக்கி, அட்டவணைகளை மனப்பாடத்திலிருந்து சொல்லி, 1825 மே 31 – ஜூன் 1 சந்திர கிரகணத்தைக் கணித்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் தவறு வெறும் 4 நிமிஷம். நடுப்பகுதியில் 23 நிமிஷம், முடியும் நேரத்தில் 52 நிமிஷம். வெறும் சோழி!

அவர் செய்த முறைக்கு வாக்கிய முறை என்று பெயர். அதன் முதல் படியே கலி நாள்தான். சந்திரன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க இப்படிப் போவார்கள்: கலி நாளிலிருந்து 16,00,984-ஐக் கழி. மீதியை 12,372-ஆல் வகு. அதன் மீதியை 3,031-ஆல் வகு. அதன் மீதியை 248-ஆல் வகு. கடைசி மீதி எத்தனையோ, அத்தனையாவது சந்திர வாக்கியத்தைச் சொல்.

குமரி மாவட்டம் இணைந்த நாளுக்கே போட்டுப் பார்க்கலாம்.

18,47,313 − 16,00,984 = 2,46,329
2,46,329 ÷ 12,372: ஈவு 19, மீதி 11,261
11,261 ÷ 3,031: ஈவு 3, மீதி 2,168
2,168 ÷ 248: ஈவு 8, மீதி 184

ஆக, 184-ஆவது வாக்கியம். அது ஒரு எண்ணைத் தரும். 19, 3, 8 என்ற ஈவுகளுக்கும் தனித்தனி எண் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிச் சின்னத் திருத்தங்கள் செய்தால் சந்திரன் இருக்கும் இடம் கிடைக்கும்.

ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, சுற்றி, மறுபடி அருகில் வர ஏறக்குறைய 27.55 நாள் ஆகும். அது ஒன்பது முறை நடந்தால் கிட்டத்தட்ட சரியாக 248 நாள். அதன்பின் சந்திரனின் வேகம் மறுபடி முதலிலிருந்து அதே மாதிரி ஓடும். அதனால் 248 வரி மனப்பாடம் செய்தால் போதும். 3,031 என்பது 110 முறை, 12,372 என்பது 449 முறை. பெரிய எண்ணைப் பெரிய கட்டாகவும் மீதியைச் சின்னக் கட்டாகவும் வெட்டிக்கொண்டே வருவது. மேலே 1461 நாள் கட்டு போட்டோமே, அதே தந்திரம்தான்.

எண்களை மறக்காமல் இருக்க எழுத்துக்கு எண் வைத்தார்கள். 248-க்குப் பெயர் ‘தேவரம்’. தே 8, வ 4, ர 2. பின்னாலிருந்து படித்தால் 248.

யார் படித்தார்கள்?

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாக இருக்காது. பார்த்திவபுரம் சாலையின் 95 இடங்களும் வேதப் பிரிவுகளைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும். முஞ்சிறை வயலில் நாற்று நட்டவர் வீட்டுப் பிள்ளைக்கு அதில் ஒரு இடம்கூடக் கிடையாது. பஞ்சாங்கக் கணிதமும் குறிப்பிட்ட குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நாள் எல்லோருக்கும் பொதுவாக விடிந்தது, அதை எண்ணும் வித்தை மட்டும் பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

இந்த மாவட்டத்தில் அந்தப் பூட்டு திறந்ததற்கும் தேதி உண்டு. லண்டன் மிஷன் ரிங்கல்தௌபே 1809-ல் மயிலாடியில் பள்ளி தொடங்கினார். 1818-ல் சார்லஸ் மீட் வந்தபிறகு நாகர்கோவிலில் செமினரி வளர்ந்தது. இன்றைய ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி அந்த வழியில் வந்ததுதான். அதுவரை எழுத்தும் கணக்கும் மறுக்கப்பட்ட வீடுகளின் பிள்ளைகள் சிலேட்டு எடுத்து உட்கார்ந்தார்கள்.

அதனால் இன்று ஒரு சாதாரண மாணவன் நோட்டில் ஏழு படி போட்டு 866 என்று எழுதுவது சின்ன விஷயம் அல்ல. செப்பேட்டில் எண்ணை எழுதியவர்கள் இந்தப் பிள்ளைகளை நினைத்து எழுதவில்லை. ஆனால் எண் எல்லோருக்கும் ஒரே விடையைத்தான் தருகிறது. கேட்பவர் யார் என்று அது பார்ப்பதில்லை.

எக்ஸெல்லிலும் ஒரு ‘ஒன்று’

பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பாவில் ஜோசப் ஸ்காலிஜர் 1583-ல் கி.மு. 4713-லிருந்து எண்ணும் முறையைக் கொண்டுவந்தார். அதன் அடிப்படையில் அமைந்த ஜூலியன் நாள் எண்ணைத்தான் வானியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். கம்ப்யூட்டர்களும் நாளைத்தான் எண்ணுகின்றன. எக்ஸெல்லில் ஒரு செல்லில் 1956 நவம்பர் 1 என்று அடித்து, அதை நம்பர் ஃபார்மட்டுக்கு மாற்றினால் 20760 என்று வரும். எக்ஸெல்லின் ‘கலியுகம்’ 1900 ஜனவரி 1-ல் தொடங்குகிறது. அந்த நாள் 1.

ஆனால் கையால் எண்ணிப் பார்த்தால் 20759-தான் வர வேண்டும். ஒன்று அதிகம்! காரணம், எக்ஸெல் 1900-ஐ லீப் வருஷம் என்று எடுத்துக்கொள்கிறது. 100-ஆல் வகுபட்டு 400-ஆல் வகுபடாத ஆண்டு லீப் வருஷம் அல்ல. அதற்கு முன்பிருந்த லோட்டஸ் 1-2-3 செய்த தவறு அது. பழைய ஃபைல்கள் கெட்டுவிடக்கூடாது என்று எக்ஸெல்லும் அதையே வைத்துக்கொண்டது. உலகம் முழுக்க ஆபீஸ்களில் நடந்திராத ஒரு பிப்ரவரி 29 இன்றும் உயிரோடு இருக்கிறது.

இத்தனை கணக்கிலும் கூட்டல், வகுத்தலில் எங்கும் சிக்கல் வரவில்லை. சிக்கல் வந்த இடங்கள் இவை: பூஜ்யம் ஆண்டு உண்டா? முதல் நாளை எண்ணவா, விடவா? ஆட்சியின் முதல் ஆண்டு எது? புத்தாண்டு தாண்டிவிட்டதா? எல்லாமே ஒன்று கூட, ஒன்று குறைய. கணக்கு போடத் தொடங்கும் முன் ‘எங்கிருந்து எண்ணுகிறோம், எதை எண்ணுகிறோம்’ என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, ஒவ்வொரு படியையும் எழுதி வைப்பது. விடையை மட்டும் எழுதினால் அடுத்தவர் நம்பத்தான் முடியும். படிகளை எழுதினால் அவர் திருத்தவும் முடியும்.

படித்தவர்களுக்கு ஒரு வீட்டுக்கணக்கு. உங்கள் பிறந்த நாளின் கலி எண் என்ன? 1956 நவம்பர் 1-க்கு 18,47,313 என்று மேலே இருக்கிறது. இரண்டு தேதியும் ஒரே காலண்டரில் இருப்பதால் 13 நாள் தொல்லைகூட இல்லை. போட்டுவிட்டு 7-ஆல் வகுத்து, கிழமை சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரு கிழமை தள்ளி வந்தால் பயப்பட வேண்டாம். அந்த ‘ஒன்று’ எங்கே போச்சு என்று தேடுங்கள்.